லுங்கியிலும் தலையணை உறையிலும் வாசனை நிற்க: மைக்ரோகேப்சூல் ஏற்றும் முறை

வாசனை எண்ணெயைத் துணியில் அப்படியே தெளித்தால் ஓரிரு துவையலில் போய்விடும். அதையே சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள உறைக்குள், அதாவது மைக்ரோகேப்சூலுக்குள், அடைத்து நூலோடு ஒட்டிவிட்டால், துணி உரச உரச உறை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வாசனை வரும். ஆனால் பெரும்பாலான கேப்சூல்கள் பருத்தியில் தானாக ஒட்டாது. பிடித்து வைப்பது பைண்டர் என்கிற பசைதான், காரியம் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எதை ஏற்றலாம்? லாவெண்டர், சிட்ரோனெல்லா மாதிரி எண்ணெய்களில் ஆரம்பியுங்கள். "குளிர்ச்சி தரும் துணி" என்று மெழுகு அடைத்த கேப்சூலும் கிடைக்கிறது. அதில் அதிகம் பயன்படும் ஆக்டாடெகேன் என்ற மெழுகு 28 டிகிரியில் உருகும், உருகும்போதுதான் சூட்டை உறிஞ்சும். வேலூர் மே மாதத்தில் பகல் முழுக்க அதற்கு மேலேயே இருக்கும், உருகிய மெழுகு மறுபடி உறைய வழியே இல்லை, அப்புறம் என்ன குளிர்ச்சி? ஏசி அறைக்கும் வெளிக்கும் போய்வருகிறவர்களுக்கு வேண்டுமானால் உதவும். நம்மூர் லுங்கிக்கு வாங்காதீர்கள்.

குடியாத்தம் பக்கம் தறியிலிருந்து இறங்கும் துணியில் பாவுக் கஞ்சி (நெய்யும்போது அறாமலிருக்க பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி) இருக்கும். அதை முழுக்க எடுத்து, சோடா போட்டுக் கொதிக்க வைத்து அலசுங்கள். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உள்ளே இழுக்க வேண்டும், முத்தாக நின்றால் இன்னொரு முறை அலசுங்கள், ஏனென்றால் கஞ்சி மேல் ஒட்டிய கேப்சூல் கஞ்சியோடேயே போய்விடும்.

கரைசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் கேப்சூல் குழம்பு (கேப்சூல்கள் தண்ணீரில் கலந்து வருவது), 30 கிராம் மென்மையான அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் பைண்டர் என்று தொடங்கலாம். குழம்பு பிரிந்து நிற்கும், கையால் மெதுவாகக் கலக்குங்கள், வேகமான மிக்சர் போட்டால் உறை அங்கேயே உடைந்துவிடும். இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5-5.5-க்குக் கொண்டுவாருங்கள். துணி மெத்தென்று இருக்கட்டும் என்று கேட்டயானிக் (நேர் மின்னூட்டம் உள்ள) சாஃப்ட்னரை இதிலேயே ஊற்றிவிடாதீர்கள், பைண்டர் ஆனயானிக் (எதிர் மின்னூட்டம் உள்ள) வகையாக இருந்தால் எல்லாம் திரிந்து கட்டிகட்டியாகிவிடும்.

துணியை நனைத்து உருளையில் பிழியும்போது அழுத்தம் குறைவாக இருக்கட்டும். 100 கிராம் துணி 75 கிராம் கரைசலைப் பிடித்தால் போதும், அதில் நாலரை கிராம் குழம்பு ஏறியிருக்கும். குழம்பில் 40 சதவீதம் திடப்பொருள் என்றால் உண்மையில் ஒட்டியது 1.8 கிராம். விலை போடும்போது இந்தக் கணக்கு வேண்டும்.

காயவைப்பதில்தான் நம்மூர்க்காரர்கள் ஏமாறுவார்கள். வெயில் நாற்பதைத் தாண்டினாலும் துணி உலரும், அவ்வளவுதான், பெரும்பாலான பைண்டர்களில் குறுக்குப் பிணைப்பு, அதாவது பசை வலைபோல் இறுகுவது, நடக்காது. 80-90 டிகிரியில் உலர்த்தி, பிறகு 130-140 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் சூடு கொடுக்க வேண்டும். ஸ்டென்டர் (துணியை விரித்துப் பிடித்துச் சூடேற்றும் இயந்திரம்) இல்லையென்றால் பக்கத்துப் பட்டறையில் கூலிக்கு ஓட்டி வாங்குங்கள். பைண்டர் டப்பாவில் வேறு சூடு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள், எண்ணெய் ஆவியாகாமல் இருக்க அதிகமாகக் காய்ச்சாமல் இருப்பதும் முக்கியம். முடித்த துணியைக் கேலண்டரில் (துணியை அழுத்தி மழமழப்பாக்கும் உருளை இயந்திரம்) அழுத்தவே கூடாது, உறை நசுங்கிவிடும்.

சரிபார்க்க ஒரு துண்டை ஐந்து முறை துவையுங்கள். ஒவ்வொரு தடவையும் காய்ந்தபின் இரண்டு விரலால் கசக்கி முகர்ந்து பாருங்கள். கல்லூரி மைக்ரோஸ்கோப் கிடைத்தால் 400 மடங்கில் நூலை வையுங்கள்: இழைகளுக்கு நடுவே குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும். துவைத்தபின் அவை காணாமல் போனால் சூடு போதவில்லை அல்லது பைண்டர் குறைவு. உருண்டை இருந்தும் கசக்கினால் வாசனை இல்லையென்றால், உறை பைண்டர் படலத்துக்குள் புதைந்திருக்கலாம், பைண்டரை 20 கிராமுக்குக் குறைத்துப் பாருங்கள். துணி விறைப்பாக இருந்தாலும் இதே வைத்தியம்தான்.

மிஞ்சிய கரைசலைக் கால்வாயில் விட வேண்டாம், பாலாறு ஏற்கெனவே தோல் கழிவால் பட்டது போதும். மூடி வைத்து மறுநாள் ஏற்றும் முதல் துணிக்குப் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் சேர்ந்ததைக் கழிவு நீர் சுத்திகரிப்பு உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.