முதல் கிராஸ் கன்ட்ரி ஓட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரெஸ்ஸாஜ் (குறித்த அசைவுகளைக் குதிரை ஒழுங்காகச் செய்துகாட்டுவது), கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளித் தடத்தில் நிலையான தடைகளைத் தாண்டி ஓடுவது), ஷோ ஜம்பிங் (மைதானத்தில் கம்பிகளைத் தாண்டுவது) ஆகிய மூன்று சோதனைகளையும் ஒரே குதிரையோடு ஒரே வீரர் முடிக்க வேண்டிய போட்டியே ஈவன்டிங். பிரிட்டனில் பலர் தடையின் உயரம் 80 செ.மீ. வரை உள்ள வகுப்பில் தொடங்குகிறார்கள். பயிற்சி மைதானத்தில் 90 செ.மீ. கம்பியைத் தாண்டிவிட்ட குதிரைக்கு இது எம்மாத்திரம் என்று நினைப்பதே முதல் தவறு. ஷோ ஜம்பிங்கில் குளம்பு பட்டால் கம்பி விழும். கிராஸ் கன்ட்ரியில் தடையாக நிற்பது அசையாத மரக்கட்டை என்பதால், இடறினால் விழுவது குதிரைதான். மேடு, சரிவு, சேறு, நிழல் என மாறிக்கொண்டே இருக்கும் தரையில் குதிரையின் சமநிலை குலையாதபடி ஒவ்வொரு தடைக்கும் அதைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இதில் கடினமான வேலை.

வேகத்தைப் பற்றிய தப்புக்கணக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. இங்கிலாந்தின் பாட்மின்டன் என்ற ஊரில் 1949 முதல் நடந்துவரும் உயர்மட்ட ஈவன்டிங் போட்டியின் காணொளிகளைப் பார்த்துவிட்டு அந்தப் பாய்ச்சலையே மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகம் எதிர்பார்க்கப்படுகிறது, 80 செ.மீ. வகுப்பிலோ 435 மீட்டர் போதும். 2,000 மீட்டர் தடத்தை இந்த வேகத்தில் முடிக்க ஏறத்தாழ 4 நிமிடம் 36 விநாடி ஆகும். குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 தண்டப்புள்ளி, குதிரை ஒரு தடையில் முதன்முறை மறுத்து நின்றால் 20. அதாவது ஒரே ஒரு மறுப்பு, 50 விநாடி தாமதத்துக்குச் சமம். இந்தக் கணக்கு புரிந்தவர் எவரும் முதல் போட்டியில் கடிகாரத்தைத் துரத்த மாட்டார். வேகத்தை உடம்பு அறிய வேண்டுமானால், திறந்த வெளியில் 435 மீட்டரை அளந்து கொடி நட்டு, அதைச் சரியாக ஒரு நிமிடத்தில் கடக்கப் பழக வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலோர் முன்னதாகவே வந்துவிடுவார்கள்.

போட்டிக்கு முன் தடத்தை நடந்து பார்க்கும் வாய்ப்பைப் பேச்சுத்துணையோடு உலாவப் போவதுபோல் வீணாக்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தடையின் முகப்பில் நின்று படம் எடுப்பதால் பயனில்லை. குதிரை ஓடப்போகும் அதே கோட்டில் நடந்து, எந்த மரத்தின் அருகே திரும்பினால் தடை நேராகத் தெரிகிறது, இறங்குமிடத்தில் தரை உறுதியாக இருக்கிறதா என்று காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிவப்புக் கொடி வலப்புறமும் வெள்ளைக் கொடி இடப்புறமும் இருக்கும்படி கடக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பதற்றத்தில் தடுமாறுகிறவர்களும் உண்டு. வெயிலிலிருந்து மர நிழலுக்குள் போகும் தடைகளில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் குதிரையின் கண் ஒளி மாற்றத்துக்கு நம்முடையதைவிட மெதுவாகவே பழகுகிறது. கடினமான தடைக்கு மாற்று வழி இருந்தால் அதையும் நடந்துவிட வேண்டும். குதிரை மறுத்த பிறகு வழி தேட நேரமிருக்காது.

தண்ணீரின் ஆழத்தைக் குதிரையால் கணிக்க முடியாது. பயிற்சியில் நடையாகவே இறக்கி, நின்று, நீரைக் காலால் அளையவிட்டுப் பழக்காமல், போட்டி நாளில் விரைவாக ஓட்டிச் சென்றால், அது விளிம்பிலேயே நின்றுவிடும். அல்லது பாய்ந்து இறங்கி, நீர் முன்கால்களை இழுக்கத் தடுமாறும். பள்ளத்தில் இறங்கும்போது முன்னே சாய்வதும் கீழே பார்ப்பதும் கூடாது. கடிவாள வாரை விரல்களுக்கிடையே நழுவவிட்டு, உடலை நிமிர்த்தி, பார்வையை அடுத்த தடையில் வைக்க வேண்டும்.

நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நிலையான விளிம்பு இல்லாத ஹெல்மெட்டையே அணிய வேண்டும்; ஒருமுறை தலை அடிபட்டால் அதை மாற்றிவிட வேண்டும். காற்றடைத்து விரியும் ஜாக்கெட், பாடி புரொடெக்டர் எனப்படும் உடல் காப்புக் கவசத்துக்கு மேலே அணிவதற்கானதே தவிர, அதற்கு மாற்று அன்று. குதிரையிலிருந்து இறங்குமுன் ஜாக்கெட்டின் இணைப்பைச் சேணத்திலிருந்து கழற்ற மறந்தால் அங்கேயே விரிந்து குதிரையை மிரட்டிவிடும்.

குதிரையின் மூச்சுத்திறனும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும்; தசைநாண்களும் எலும்பும் வலுப்பெற அதைவிட நீண்ட காலம் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தை அவசரமாகக் கூட்டும்போதுதான் காலில் காயம் வருகிறது. ஓட்டம் முடிந்ததும் இறங்கி, வயிற்றுப் பட்டையைத் தளர்த்தி, நடக்கவைத்தபடியே குளிர்ந்த நீர் ஊற்றி, நான்கு கால்களிலும் வீக்கமோ சூடோ உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையிலும் அவ்வாறே பார்த்து, கெட்டியான சமதரையில் டிராட் எனப்படும் மெல்லோட்டத்தில் ஓட்டி, நொண்டவில்லை என்று கண்ட பிறகே அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்.