பழைய .44 புல்டாக் வாங்கும் முன்

அமெரிக்காவில் தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள, பெரிய விட்டமுள்ள சின்ன ரிவால்வரைக் குறைந்த விலையில் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக். 1973-இல் வந்த வடிவமைப்பு; .44 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை, ஐந்து தோட்டா அறைகள். இன்றைய இரண்டரை அங்குலக் குழல் மாடலின் எடை சுமார் 20 அவுன்ஸ்.

பழையதாக வாங்கினால், முதலில் சிலிண்டரை (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) திறந்து ஐந்து அறைகளும் காலிதானா என்று பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹேமரை (பின்புறச் சுத்தியல்) மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் நிற்கும்போது சிலிண்டரும் பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறைகளுக்கும் இதைச் செய்யுங்கள். ஒன்று பிந்தினாலும் வேண்டாம். குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தகடுகள்) அளந்தால் 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருப்பது நல்லது.

பலர் கவனிக்காதது தோட்டாவை. எடை குறைந்த துப்பாக்கியில் உதைப்பு கடுமையாக இருக்கும். அதில் சுடாத தோட்டாவின் ஈயமுனை கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து, சிலிண்டரைச் சுழலவிடாமல் முட்டி நிற்கலாம். ஐந்தை நிரப்பி நான்கைச் சுட்டு, ஐந்தாவதன் நீளத்தைப் புதியதோடு ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்த வகை வேண்டாம். ஈயமுனை 200 கிரெய்ன் (தோட்டாமுனையை எடை போடும் அலகு) எடையுள்ளவை பெரும்பாலும் கைக்கு இதமானவை. மரப்பிடியைவிட ரப்பர் பிடி மேல். துப்பாக்கி உறை, ட்ரிகரை முழுதாக மூட வேண்டும். உரிமச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.