பூச்சாடியில் படிந்த வெள்ளை

கலைக் கண்ணாடி சேர்க்க ஆரம்பித்த முதல் வருஷம் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். அதில் ஒரு நீலப் பூச்சாடி, 'முரானோ' (கையால் ஊதிச் செய்யும் கண்ணாடிக்குப் பேர்போன இத்தாலியத் தீவு) என்று ஒட்டியிருந்த சீட்டை நம்பி வாங்கியது. வீட்டில் வெளிச்சத்தில் திருப்பினால், பக்கவாட்டில் அச்சு வார்த்த கோடு. அச்சில்லாமல் ஊதிச் செய்ததில் அது இருக்காது. பெரும்பாலும் அடியில், செய்யும்போது ஒட்டிப் பிடித்த இரும்புக் கோலை உடைத்தெடுத்த தழும்போ, அதைத் தேய்த்த குழியோ இருக்கும். வெனிஸ் நகரம் 1291-இல் தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. சீட்டு அச்சடிக்க உலை எதற்கு?

அப்புறம் இன்னொரு தொல்லை. பூ வைத்ததில் போர் தண்ணீரின் உப்பு உள்ளே வெள்ளையாகப் படிந்துவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தும் பலனில்லை. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து இரவு முழுக்க ஊற்றி வைத்தேன். காலையில் ஒரு பிடி அரிசி போட்டு மெதுவாகச் சுழற்றினேன், போய்விட்டது. தங்கப் பூச்சு, வண்ணம் தீட்டியவற்றில் இதைச் செய்ய வேண்டாம். இதற்கும் போகாத மங்கல் என்றால் கண்ணாடியே அரித்திருக்கும்; வினிகர் உதவாது.

சரி, பாதிப் பொருட்களை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது பேப்பர்வெயிட் மட்டும்தான், அதுவும் உள்ளே பூப்பூவாக வண்ணத் துண்டுகள் பதித்தவை. வெயில் படாத தட்டில் இருக்கின்றன: கண்ணாடி உருண்டை லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்துத் தீ மூட்டிவிடும். நீலச் சாடியில் இப்போது மணிப்ளாண்ட்.