நாயின் பல் காறையும் ஒரு ரப்பர் பொம்மையும்

குலசேகரம் அருகே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டு நாய்க்கு ஆறு வயதானபோது, அது பக்கத்தில் வந்து மூச்சு விட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. மீன் தலை தின்பதால் வரும் வாடை என்றே எண்ணியிருந்தேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் மேல் கடைவாய்ப் பற்களில் மஞ்சள் காறை படிந்து, ஈறு சிவந்திருப்பது தெரிந்தது.

கடித்தால் காறை உதிரும் என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் மாட்டுக் குளம்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் ஒரு பல்லின் ஓரம் பெயர்ந்துவிட்டது. நகத்தால் அழுத்தினால் சற்றும் பதியாத பொருள் நாயின் பல்லுக்கு ஆகாது என்றும், வேகவைத்த எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் குத்தும் என்றும் கால்நடை மருத்துவர் விளக்கினார். பல்லின் மேல் படியும் மென்படலம் எச்சிலிலுள்ள தாதுக்களால் சில நாட்களில் இறுகிக் காறையாகிறது. கடிபொம்மை உரசி எடுப்பது பெரும்பாலும் அந்த மென்படலத்தைத்தான், இறுகிய காறையை அன்று. ஆகவே மயக்க மருந்து கொடுத்துக் காறையை அகற்றிய பிறகே பொம்மைக்கு வந்தோம்.

இப்போது கொடுப்பது, புடைப்புகள் நிறைந்த, முழுதாக விழுங்க முடியாத அளவிலான ரப்பர் பொம்மை. (எங்கள் ஊர் ரப்பர் பால்தான் பொம்மையாகச் சுற்றி வந்ததோ என்னவோ!) தினமும் கால் மணி நேரம், என் கண்ணெதிரில் மட்டுமே கடிக்க விடுகிறேன், துண்டு பெயர்ந்தால் அன்றே தூக்கி எறிகிறேன். மனிதர்களின் பற்பசையில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கக்கூடும், அது நாய்க்கு நஞ்சு என்பதால், நாய்களுக்கான பற்பசையால் துலக்கியும் விடுகிறேன். மூன்று மாதங்களில் ஈற்றின் சிவப்பு மறைந்துவிட்டது. மீன் வாடை மட்டும் மீன் தின்னும் நாட்களில் வருகிறது.