வால்பெலின் ஏற்றத்தில் ஒட்டாமல் போன ஸ்கின் பட்டை

பிரான்சின் ஷாமொனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை செல்லும் ஓட் ரூட் என்னும் பனிச்சறுக்கு மலைப்பாதையின் இறுதிக் கட்டத்தில் மூன்று கணவாய்களைக் கடக்க வேண்டியிருப்பதால், ஏற்றத்துக்காகப் பனிச்சறுக்குப் பலகைகளின் அடியில் பொருத்தும் ஸ்கின் பட்டைகளைத் திரும்பத் திரும்ப ஒட்டியும் உரித்தும் ஆக வேண்டும். பலகை பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும் இப்பட்டைகளில் ஒன்று, கடைசியான வால்பெலின் கணவாய்க்கு ஏறும்போது வால்பகுதியிலிருந்து கழன்றது. காற்றில் பறந்த பொடிப்பனி பசையில் படிந்து உறைந்திருந்தது. அதன்மேல் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை.

வழிகாட்டி முதலில் என்னைச் சரிவில் உறுதியாக நிற்கச் செய்தார். பிறகு பட்டையை முழுவதும் உரித்து, பசையின் மீதிருந்த பனியைப் பலகையின் விளிம்பில் இழுத்துத் தேய்த்து அகற்றினேன். பலகையின் அடிப்பாகத்தைச் சுரண்டி, உலர்ந்த துணியால் ஈரமே இல்லாதபடி துடைத்தேன். பலரும் அவசரத்தில் விட்டுவிடும் இந்த வேலைதான் உண்மையில் முக்கியமானது. பட்டையைச் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டில் பசை இளகிய பின் முனையிலிருந்து வால்வரை அழுத்தி ஒட்டி, வாலருகே ஸ்கீ ஸ்ட்ராப் என்ற வார் ஒன்றை இறுக்கிக் கட்டினேன். கணவாய் வரை அது அசையவில்லை.

இப்போது ஒவ்வொரு இறக்கத்திலும் பட்டைகளைப் பையில் திணிக்காமல், பசைப்பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி மேலாடைக்குள் வைத்துக்கொள்கிறேன். குடில்களில் உலர்த்தும்போது அடுப்பின் நேரடி வெப்பத்தைத் தவிர்க்க வேண்டும். அதிகச் சூட்டில் பசை உருகிப் பலகையிலேயே தங்கிவிடும்.