மேமத் லேக்ஸ் பக்கம் டென்ட் போட எந்த கேம்ப்கிரவுண்ட்?

கலிபோர்னியாவின் கிழக்கு சியெராவுக்குக் கேம்பிங் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது டென்ட் வாசலில் இருந்தே ஏரி தெரிகிற இடத்தை. மேமத் லேக்ஸ் பகுதியில் பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் எதில் தங்கினாலும் ஏதாவது ஓர் ஏரி நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கும். பகலில் நீங்கள் டென்டில் இருக்கவும் போவதில்லை. அங்கே கழியப் போவது இரவுதான். ஆகவே எந்தப் பாதையில் நடக்கப் போகிறீர்கள், எவ்வளவு உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். ஏரி தெரிகிறதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பாதையைப் பார்த்து இடத்தைப் பிடியுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் இந்தப் பக்கத்தின் பெரிய தலைவலி பார்க்கிங். பேர்பெற்ற பாதைகள் தொடங்கும் இடங்களில் காலை ஏழு, எட்டு மணிக்கே வண்டி நிறுத்த இடம் இருக்காது. பாதை தொடங்கும் இடத்திலேயே தங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த வகையில் கோல்ட்வாட்டர் கேம்ப்கிரவுண்டை மிஞ்ச முடியாது. அதன் கோடியிலேயே டக் பாஸ் பாதையும் எமரால்டு லேக் பாதையும் தொடங்குகின்றன. லேக் மேரிக்குச் சில நிமிட நடைதான். எமரால்டு லேக் ஒரு மைலுக்கும் குறைவு, குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். டக் பாஸ் பாதை ஏரோஹெட், ஸ்கெல்டன், பார்னி என்று ஏரி ஏரியாகத் தாண்டிக்கொண்டு ஏறுகிறது. உச்சி 10,800 அடியை ஒட்டியது. அங்கிருந்து குனிந்து பார்த்தால் டக் லேக்.

கிறிஸ்டல் லேக்தான் இலக்கு என்றால் லேக் ஜார்ஜ் கேம்ப்கிரவுண்ட். பாதை அங்கேயே தொடங்கிச் செங்குத்தாக ஏறும். ஒன்றேகால் மைலில் சுமார் 700 அடி ஏற்றம். சைட்டுகள் குறைவு, நெருக்கமானவை, பெரிய ஆர்.வி. வண்டிகளுக்கு ஒத்து வராது. டென்ட்காரர்களுக்கு அதுவே நல்லது. லேக் மேரி கேம்ப்கிரவுண்ட் கரையை ஒட்டியது, மீன் பிடிக்க வருகிறவர்களின் இடம். ட்வின் லேக்ஸ் ஊருக்கு மிகப் பக்கம். முதல் தடவை டென்டில் தங்குகிறவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் அங்கேயே தங்கலாம், ஏதாவது மறந்திருந்தால் ஓடிப்போய் வாங்கிவரக் கடை கிட்டேயே இருக்கிறது. கோடையில் ஊரிலிருந்து ஏரிகளுக்கு இலவச டிராலி பஸ் ஓடுவதால் தினமும் காரை எடுக்க வேண்டியதில்லை.

ராக் கிரீக் பள்ளத்தாக்கு தனிக் கதை. லிட்டில் லேக்ஸ் வேலி பாதையில் குறைந்த ஏற்றத்துக்கு ஏரிகள் வரிசையாகக் கிடைக்கும். லாங் லேக் வரை இரண்டு மைல், ஏறுவது சில நூறு அடிதான். ஆனால் பாதை தொடங்கும் மஸ்கிட்டோ ஃப்ளாட்டே 10,200 அடிக்கு மேல் இருக்கிறது. அங்குள்ள சிறு முகாம் வனப்பகுதியில் இரவு தங்க அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் ஓர் இரவுக்கு. மற்றவர்கள் கீழே ராக் கிரீக் லேக்கில் தங்கிவிட்டு, விடியும்போதே கிளம்பி மேலே வண்டியைப் போட்டுவிட வேண்டும்.

நீச்சல் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லேக் மேரி மேமத் ஊரின் குடிநீர் ஆதாரம். மேமத் லேக்ஸ் ஏரிக்கூட்டத்தில் இறங்கிக் குளிக்க அனுமதி உள்ளது ஹார்ஸ்ஷூ லேக்கில் மட்டுமே. அந்த ஏரியின் ஒரு கரையில் சுமார் 100 ஏக்கருக்குப் பட்ட மரங்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். 1989-ல் மேமத் மலைக்கு அடியில் தொடர்ச்சியாக நிலநடுக்கம் ஏற்பட்ட பின் மண் வழியாகக் கசியும் கார்பன் டை ஆக்சைடு வேர்களை மூச்சுத் திணற வைத்துக் கொன்ற மரங்கள் அவை. இந்த வாயு காற்றை விடக் கனம் என்பதால் பள்ளங்களில் தேங்கும். எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதியில் குழி தோண்டுவது, தரையில் படுப்பது, குழந்தையைப் பள்ளத்தில் இறக்கி விளையாட விடுவது எதுவும் கூடாது. கரையிலே விளையாட வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் ஜூன் லேக் பக்கம் போங்கள். அங்கே ஓ ரிட்ஜ் கேம்ப்கிரவுண்டுக்குப் பக்கத்தில் நீச்சலுக்கென்றே மணல் கரை உண்டு. நிழல் மட்டும் குறைவு.

உயரம்

கான்விக்ட் லேக் கேம்ப்கிரவுண்ட், ஓ ரிட்ஜ் இரண்டும் சுமார் 7,600 அடி. ட்வின் லேக்ஸ் 8,600. கோல்ட்வாட்டர், லேக் மேரி, லேக் ஜார்ஜ் மூன்றும் 9,000 அடியை ஒட்டி. ராக் கிரீக் லேக் 9,600-க்கு மேல். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும். கான்விக்ட் லேக்குக்கும் ராக் கிரீக்குக்கும் இடையே இப்படி 4 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். ஜூலையில்கூட 9,000 அடியில் விடியற்காலை 5 டிகிரியை ஒட்டிப் போகும். செப்டம்பரில் வாளித் தண்ணீர் உறையும்.

கடல் மட்டத்தில் வாழ்கிறவர்கள் காலையில் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் கிளம்பி இரவு 9,000 அடியில் படுத்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சகஜம். சுமார் 8,000 அடிக்கு மேல் தூங்கும்போதுதான் இது அதிகம் தொந்தரவு செய்யும். முதல் இரவு கான்விக்ட் லேக் அல்லது ஓ ரிட்ஜ், அடுத்த இரண்டு இரவு கோல்ட்வாட்டர் என்று பிரித்துப் பதிவு செய்வதுதான் நாங்கள் சொல்லும் வழி. டென்டைப் பிரித்துக் கட்டும் வேலை ஒரு மணி நேரம் கூடுதல், ஆனால் இரண்டாம் நாள் ஹைக்கிங் வீணாகாது.

குளிரில் நடுங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் ஸ்லீப்பிங் பேகில் இல்லை, அடியில் விரிக்கும் மெத்தையில். விருந்தாளிகளுக்காக வீட்டில் வைத்திருக்கும் காற்று மெத்தைக்குள் காற்று உருண்டுகொண்டே இருக்கும், தரையின் குளிர் அப்படியே முதுகுக்கு வரும். ஆர்-மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 4 அல்லது அதற்கு மேல் உள்ள பேடு வாங்குங்கள். ஸ்லீப்பிங் பேகில் உறை மேல் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், கம்ஃபர்ட் என்று குறித்திருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். அது பூஜ்ஜியம் செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கட்டும்.

தேதியும் முன்பதிவும்

உயரத்தில் உள்ள கேம்ப்கிரவுண்டுகள் பனி உருகிய பிறகே திறக்கும். சாதாரண ஆண்டில் ஜூன் மாதத்தில் திறந்துவிடும். 2023 போலப் பனி கொட்டிய ஆண்டில் ஜூலையும் பிறந்துவிடும். டயோகா பாஸ் சாலையும் அப்படித்தான். அது மூடியிருந்தால் யோசெமிட்டி வழியாக வர முடியாது, வடக்கே சுற்றித்தான் வரவேண்டும். பனி உருகி முடிந்த அடுத்த சில வாரங்கள் கொசுக் காலம். ஏரியோரமும் புல்வெளியோரமும் சாயங்காலம் உட்கார விடாது. ஆகஸ்ட் பாதிக்கு மேல் கொசு அடங்கும், ஆனால் காட்டுத் தீப் புகை வரலாம், விறகு மூட்டத் தடையும் வரலாம். அதையெல்லாம் கணக்கில் எடுத்தால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முதல் பாதியும்தான் எங்கள் முதல் தேர்வு, கனமான போர்வையோடு.

இன்யோ தேசிய வனத்தின் கேம்ப்சைட்டுகள் பெரும்பாலும் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதம் முன்பாகத் திறக்கும். ஜூலை 18 வேண்டுமென்றால் ஜனவரி 18 காலை ஏழு மணிக்கு, பசிபிக் நேரப்படி, உட்கார வேண்டும். கணக்கில் முன்பே நுழைந்து, மூன்று நான்கு சைட் எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் கைவிட்டுப் போன பிறகு வரைபடத்தைத் திறந்து தேடத் தொடங்கினால் எல்லாம் முடிந்திருக்கும். கிடைக்கவில்லையா, விட்டுவிடாதீர்கள். ரத்துக் கட்டணம் 10 டாலர்தான், ஆனால் வருவதற்கு முந்தைய நாளோ அன்றைக்கோ ரத்து செய்தால் முதல் இரவின் பணமும் போய்விடும். ஆகவே மனம் மாறியவர்கள் இரண்டு நாளைக்கு முன்பே ரத்து செய்துவிடுவார்கள். உங்கள் தேதிக்கு இரண்டு முதல் ஐந்து நாள் இருக்கும்போது தளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். இடம் காலியானால் அறிவிக்கும் வசதியையும் போட்டு வையுங்கள்.

எந்த சைட் எண்?

படமும் வரைபடமும் இருக்கும்போது ஏரியை ஒட்டிய எண்ணையே எல்லோரும் அழுத்துகிறார்கள். இரவில் மலைச்சரிவின் குளிர்காற்று கனத்து, இறங்கி வந்து ஏரியோரத்திலும் புல்வெளிப் பள்ளத்திலும்தான் தேங்கும். அங்கே போட்ட டென்டின் உள்பக்கம் காலையில் ஈரமாகச் சொட்டும். கரையை விட முப்பது, நாற்பது அடி உயரத்தில், மரங்களுக்கு இடையே உள்ள சைட்டில் அந்த ஈரமும் குறைவு, கொசுவும் குறைவு.

கிழக்குப் பக்கம் திறந்திருக்கிறதா என்று சாட்டிலைட் படத்தில் பாருங்கள். காலை வெயில் ஏழு மணிக்கே டென்டில் விழுவதும் ஒன்பதரைக்கு விழுவதும் ஒன்றல்ல. மேற்கே மலைமுகடு நிற்பதால் சாயங்காலம் எப்படியும் சீக்கிரம் இருட்டும். கழிப்பறை நூறு, நூற்றைம்பது அடி தள்ளி இருந்தால் சரியான தூரம். அதை விடப் பக்கம் என்றால் இரவெல்லாம் கதவுச் சத்தமும் டார்ச் வெளிச்சமும். நுழைவாயில் பக்கத்து எண்களையும் விட்டுவிடுங்கள், எல்லா வண்டியும் அந்த வழியாகத்தான் போகும். நான்கு பேர் டென்டுக்குச் சுமார் எட்டடிக்கு ஏழடி சமதரை வேண்டும். படத்தில் மேஜையும் அடுப்புக் குழியும் மட்டும் தெரிந்து மண்தரை தெரியவில்லை என்றால் அந்த சைட் சரிவாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு வழியில்லாமல் சரிவில் படுத்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும் முளைக்குச்சி அடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன லாட்ஜ்போல் பைன் மரமோ, தொங்கும் ஒடிந்த கிளையோ தலைக்கு மேல் இருந்தால் டென்டை நகர்த்துங்கள்.

சமையலும் கரடியும்

9,000 அடியில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு கரையவே கரையாது, சோறு நடுவில் அரிசியாக நிற்கும், கேஸ் மட்டும் தீரும். இரண்டு அல்லது மூன்று லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துப் போங்கள், வீட்டில் வைப்பதை விட ஓரிரு விசில் கூடுதலாக விடுங்கள். ரவை, அவல், சேமியா தொல்லை தராது. காலைக்கு உப்புமா, பாதையில் கட்டுச்சோறாகப் புளியோதரை, இரவுக்குக் குக்கர் சாம்பார் சாதம் என்று வைத்துக்கொண்டால் போதும். கடையில் கிடைக்கும் நீள டப்பா பியூட்டேன் அடுப்பு குளிர்ந்த காலையில் ஏமாற்றும். பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் பியூட்டேன் ஆவியாகாது. பச்சை நிறப் புரொப்பேன் சிலிண்டரில் எரியும் இரட்டை அடுப்புதான் நம்பகம்.

கரடி விஷயத்தில் தளர்வே வேண்டாம். ஒவ்வொரு சைட்டிலும் இரும்புப் பெட்டி இருக்கும். உணவு மட்டும் அல்ல, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், ஊறுகாய், மசாலாப் பொடி, குப்பை எல்லாம் அதற்குள் போக வேண்டும். காலி ஐஸ் பெட்டியும்தான், ஏனென்றால் கரடிக்கு அதன் உருவமே போதும், கார் கண்ணாடியை உடைத்துவிடும். பிஸ்கட் துகள் உதிர்ந்த குழந்தை கார் சீட்டையும் துடைத்து வையுங்கள். பெட்டிக் கதவின் கொக்கி இரண்டும் விழுந்ததா என்று கையால் இழுத்துப் பாருங்கள். சும்மா சாத்திய கதவைக் கரடி திறந்துவிடும். பாத்திரத்தை ஏரியிலோ ஓடையிலோ கழுவாதீர்கள். தண்ணீரை எடுத்து வந்து இருநூறு அடி தள்ளிக் கழுவுங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால் வடிகட்டுங்கள், இல்லையென்றால் இந்த உயரத்தில் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

நடக்கும் கணக்கு

மூன்று மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்பது பழைய கணக்கு. டக் பாஸுக்கு ஒரு வழி நான்கு மைலுக்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் சுமார் 1,700 அடி. கணக்கு இரண்டு மணி சொல்லும். உயரத்துக்குப் பழகாத கால்களுக்குப் பாதி கூட்டி மூன்று மணி வையுங்கள். கோடையில் பிற்பகல் இடி மின்னல் வரும் என்பதால் நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அப்படியானால் காலை ஏழு மணிக்கே பாதையில் கால் வைத்திருக்க வேண்டும். கோல்ட்வாட்டரில் தங்கினால் இது எளிது. ஊரில் தங்கி வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். பார்னி லேக்குக்கு மேலுள்ள சரிவு வடக்கு பார்த்தது. பனி அதிகமான ஆண்டில் ஜூலையிலும் அங்கே உறைபனி கிடக்கும், அப்போது பார்னியோடு திரும்பிவிடுங்கள். பகல் நடைக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. டக் லேக்கில் இரவு தங்குவதென்றால் வனப்பகுதி அனுமதியும், உணவு வைக்கக் கரடி உடைக்க முடியாத டப்பாவும் கட்டாயம்.

இரவில் யாருக்காவது தலைவலியோடு வாந்தி வந்து, தடுமாறி நடக்கவோ பேச்சுக் குழறவோ செய்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேமத் ஊரிலேயே மருத்துவமனை இருக்கிறது. அறிகுறி லேசாக இருந்தும் குறையவில்லை என்றால் கீழே உள்ள பிஷப் ஊருக்கு இறங்கிவிடுங்கள். நாற்பது மைல், உயரம் 4,150 அடி. காரை முன்பக்கம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்தி, சாவி எங்கே என்று இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள்.