கசிந்த ஆவணங்களை வாடகை சர்வரில் கையாள்வது எப்படி

செய்தியாளரான உங்கள் கைக்கு நிறையக் கசிந்த ஆவணங்கள் வந்துவிட்டன, லேப்டாப் திணறுகிறது, கிளவுடில், அதாவது வேறொரு நிறுவனத்தின் வாடகை சர்வரில், ஏற்றலாமா என்று யோசிக்கிறீர்களா? ஏற்றலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: ஆவணத்தைக் கிளவுடில் வைப்பது வேறு, எழுத்தைப் பிரித்தெடுப்பது, தேடுவது என்று அங்குள்ள கணினியில் வேலை வாங்குவது வேறு. வைப்பதற்கு மட்டும் என்றால், உங்கள் கணினியிலேயே பூட்டி (என்கிரிப்ட் செய்து) அனுப்பிவிடலாம், கிளவுட் நிறுவனத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. வேலை வாங்க வேண்டும் என்றால், அந்த சர்வர் ஆவணத்தைத் திறந்துதான் ஆக வேண்டும், அந்த நேரத்தில் சர்வருக்குச் சொந்தக்காரரை நீங்கள் நம்புகிறீர்கள் என்று அர்த்தம்.

அதனால் முதல் வேலை தரம் பிரிப்பது. தகவல் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எதுவும், ஒரு கடிதமோ ஒரு ஸ்கிரீன்ஷாட்டோ கூட, கிளவுடுக்குப் போகவே கூடாது. செய்தி நிறுவனங்கள் ரகசியமாக ஆவணம் பெறப் பயன்படுத்தும் செக்யூர்டிராப்பின் வடிவமைப்பைப் பாருங்கள்: சர்வர் செய்தி நிறுவனத்தின் சொந்த இடத்தில் இருக்கும், ஆவணத்தைத் திறக்கும் கணினி எந்த நெட்வொர்க்கிலும் சேராது. மற்றவற்றையும் சும்மா கிளிக் செய்து திறக்காதீர்கள், டேஞ்சர்சோன் என்ற இலவச மென்பொருள் சந்தேகமான கோப்பைப் பாதுகாப்பான பிடிஎஃப்பாக மாற்றித் தரும்.

சேமிப்புக்கு, ஏற்றும் முன் கோப்பைப் பூட்டித் தரும் கிரிப்டோமேட்டர் எளிது, கணினியில் இலவசம். கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு ஆர்குளோன் (rclone) என்ற மென்பொருளின் கிரிப்ட் வசதி, பேக்கப்புக்கு ரெஸ்டிக். முதல் இரண்டும் கோப்பின் பெயரையும் மறைக்கும், அளவை மட்டும் அவ்வளவாக மறைக்காது. ஏற்றி முடித்ததும் பிரவுசரில் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள், ஆவணம் படிக்க வந்தால் பூட்டு விழவில்லை என்று பொருள். பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் மீட்க முடியாது, அதனால் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று உங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் இருக்கட்டும்.

அப்புறம், இரண்டாவது பிரதி வேறொரு நிறுவனத்தில் இருக்கட்டும். ஒரே நிறுவனத்தை நம்பினால் என்ன ஆகும் என்றால், 2010 டிசம்பரில் கசிந்த ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தை அமேசான் தன் சர்வர்களிலிருந்து நீக்கியது. 2018-இல் வந்த அமெரிக்காவின் கிளவுட் சட்டப்படி, அந்நாட்டு நிறுவனங்கள் தரவை எந்த நாட்டில் வைத்திருந்தாலும் முறைப்படி கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி வேலை வாங்கும் பகுதி, பணம் மிச்சமாவதும் கரைவதும் இங்கேதான். 2016-இல் வெளியான பனாமா ஆவணங்கள், ஒரு பனாமா சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்தவை, 2.6 டெராபைட், சுமார் 1.15 கோடி கோப்புகள். அவற்றிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க ஐசிஐஜே என்ற சர்வதேசப் புலனாய்வுச் செய்தியாளர் குழு பல சர்வர்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டது, கோப்பிலிருந்து எழுத்தைப் பிரிக்கும் அப்பாச்சி டிகா, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் போன்ற இலவசக் கருவிகளைத்தான் பயன்படுத்தியது. டெசராக்ட் தமிழும் படிக்கும். அதே குழு உருவாக்கிய, ஆவணங்களுக்குள் தேட உதவும் டேட்டாஷேர் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும், கோப்புகள் குறைவு என்றால் சர்வரே தேவையில்லை.

சர்வர் தேவைதான் என்றால் மாதக்கணக்கில் எடுக்காதீர்கள், மணிக்கணக்கில் எடுங்கள். நிறுவனத்திடம் அப்போது உபரியாக இருப்பதைத் தரும் ஸ்பாட் வகை சர்வர்கள் மிக மலிவு, ஆனால் திடீரென்று பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் முடிவைச் சேமித்துக்கொண்டே போக வேண்டும். ஏற்றுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, இறக்குவதற்குத்தான் பல இடங்களில் வசூலிக்கிறார்கள், ஆகவே பிரித்தெடுத்த எழுத்தை மட்டும் இறக்குங்கள், மூலம் ஏற்கனவே உங்களிடம் இருக்கிறதே. பில் எச்சரிக்கையை முதல் நாளே போடுங்கள், ஆனால் அது எச்சரிக்கத்தான் செய்யும், செலவைத் தானாக நிறுத்தாது.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்பது ஒன்று: ஆவணங்களுக்குள் தேட சர்வரில் போட்டிருக்கும் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். சர்வருக்குள்ளிருந்து மட்டும் அது திறக்கட்டும், நீங்கள் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக வாருங்கள், பாஸ்வேர்டு நுழைவை மூடிவிட்டுச் சாவிக் கோப்பு மட்டும் வையுங்கள். கிளவுட் கணக்குக்கே இரண்டாம் பூட்டு வேண்டும், எஸ்எம்எஸ் ஓடிபியைவிட யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி நல்லது.

வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்தினால் போதாது, அழிக்க வேண்டும். நிறுத்திய சர்வரின் டிஸ்க்கும் பழைய ஸ்னாப்ஷாட்டும் (டிஸ்க்கின் நகல்) ஆவணங்களோடு அங்கேயே கிடக்கும். அடுத்த மாத பில்லை வரி வரியாகப் பாருங்கள், நீங்கள் எதிர்பார்க்காத சேமிப்புக் கட்டணம் சின்னதாக ஒன்று இருந்தாலும் எங்கோ ஒரு பிரதி மிச்சமிருக்கிறது, தேடிப் பிடித்து அதையும் அழியுங்கள்.